‘கௌலிஸ்’ முதல் ‘கோசு’ வரை: ஓர் இலத்தீன் செடிப்பெயரின் வரலாறும் வழக்கும்

1. முன்னுரை

அயற்சொற்களை ஆராய்வோர் இன்ன சொல் இன்ன மொழியிலிருந்து வந்தது என்று பட்டியலிடுவதோடு அமைந்துவிடுவது பெருவழக்கு. ஒரே மூலத்திலிருந்து புறப்பட்ட ஒரு சொல், வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு மக்கள் வாயிலாக வெவ்வேறு வடிவங்களில் ஒரே ஊரை வந்தடைவதும் உண்டு. அவ்வாறு வந்தடைந்த வடிவங்கள் தம்முள் உறவுடையவை என்பது அவ்வூரில் அவற்றை வழங்குவோருக்குப் புலப்படுவதில்லை.

பெங்களூருவின் காய்கறிச் சந்தைகள் இதற்குத் தக்க சான்றாகும். அங்கே முட்டைக்கோசு கன்னடத்தில் ‘எலெகோசு’ எனவும், பூக்கோசு ‘ஹூகோசு’ எனவும், நூல்கோல் ‘நவிலுகோசு’ அல்லது ‘கெட்டெகோசு’ எனவும் வழங்குகின்றன. அதே பூக்கோசு பேரங்காடியில் ‘காலிஃபிளவர்’ ஆகிறது. சாலையோர உணவுக்கடையில் ‘கோபி மஞ்சூரி’ ஆகிறது. கோசு, காலி, கோபி, தமிழ் நூல்கோலின் ஈற்றிலுள்ள கோல் ஆகிய நான்கு வடிவங்களையும் ‘கௌலிஸ்’ என்னும் ஒரே இலத்தீன் சொல்லுக்குக் கொண்டுசெல்ல இயலும்.

அவ்விலத்தீன் சொல் ரொமானிய மொழிகளில் அடைந்த மாற்றங்களையும், அவற்றுள் சில தென்னிந்தியாவை வந்தடைந்த வழிகளையும், அவற்றால் அகராதியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் எதிர்கொள்ளும் சிக்கல்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

2. இலத்தீனில் சொற்பொருள்

‘கௌலிஸ்’ என்பதன் முதற்பொருள் செடியின் தண்டு என்பதே. கிரேக்க மொழியின் ‘கௌலோஸ்’ இதனோடு உறவுடையது. அதன் பொருளும் தண்டே. இச்சொல் காலப்போக்கில் தடித்த தண்டினையுடைய ஒரு குறிப்பிட்ட கீரைவகைக்குப் பெயராயிற்று. சினையின் பெயர் முதலுக்கு ஆகிவந்த இம்மாற்றம் தமிழ் மரபு கூறும் சினையாகுபெயரின்பாற் படும்.

இதனை விளங்கிக்கொள்ளத் தொலைவில் தேட வேண்டியதில்லை. தமிழ்நாட்டுச் சந்தையில் ‘தண்டு’ என்று மட்டும் கூறினும் கீரைத்தண்டு என்றே கொள்ளப்படும். ‘தண்டுக்கீரை’ ஒரு கீரைவகையின் பெயராகவே நிலைபெற்றுள்ளது. கன்னடத்தில் ‘தண்ட்டு’ என்பது பொதுவாகத் தண்டினைக் குறிப்பினும், ‘தண்ட்டின சொப்பு’ என்பது இக்கீரையையே குறிக்கும். உரோமர் மொழியில் நிகழ்ந்த பொருள் ஒடுக்கம் திராவிட மொழிகளிலும் தனித்து நிகழ்ந்துள்ளமை நோக்கத்தக்கது.

இலத்தீனில் இக்கீரைக்கு வேறொரு பெயரும் இருந்தது. அது ‘பிராசிக்கா’ என்பது. கேட்டோ (கி.மு. 234–149) தம் வேளாண்மை நூலில் இக்கீரையின் மருத்துவப் பயன்களை விரித்துரைத்தபோது ‘பிராசிக்கா’ என்னும் பெயரையே ஆண்டார். எனினும் பிற்கால ரொமானிய மக்கள் வழக்கில் பரவலாக வாழ்ந்தது ‘கௌலிஸ்’. ‘பிராசிக்கா’ அறிவியல் வழக்கில் நிலைபெற்றது. இலின்னேயசு 1753-இல் இத்தாவர இனத்திற்கு ‘பிராசிக்கா ஒலெரேசியா’ எனப் பெயரிட்டார். முட்டைக்கோசு, பூக்கோசு, நூல்கோல் மூன்றும் இவ்வொரே இனத்தின் வகைகளே. முதலாவதில் இலைகளும், இரண்டாவதில் பூங்கொத்தும், மூன்றாவதில் தண்டும் உழவரின் நெடுங்காலத் தெரிவினால் பருத்தவை. எனவே, இவை மூன்றையும் ஓர் அடிச்சொல்லால் வழங்கும் மொழிகளின் பெயரீடு தாவரவியல் உண்மையோடு ஒத்துச் செல்கிறது.

3. ரொமானிய மொழிகளில் ஒலிமாற்றம்

‘கௌலிஸ்’ என்பதன் வழித்தோன்றல்கள் ஒவ்வொரு ரொமானிய மொழியின் ஒலியியல் நெறிகளையும் தெளிவாகக் காட்டுகின்றன.

ஸ்பானியத்தில் இச்சொல் ‘கோல்’ ஆயிற்று. இலத்தீனின் ‘ஔ’ என்னும் கூட்டுயிர் அம்மொழியில் ஓகார ஒலியாக ஒடுங்கும். பொன்னைக் குறிக்கும் ‘ஔரும்’ என்பது ‘ஓரோ’ எனவும், காளையைக் குறிக்கும் ‘தௌருஸ்’ என்பது ‘தோரோ’ எனவும் மாறியமை இந்நெறிக்குச் சான்று. லகரம் கெடவில்லை.

பிரெஞ்சில் இது ‘ஷூ’ ஆயிற்று. அகரத்திற்கு முன் வந்த இலத்தீன் ககரம் அண்ணச்சாயல் பெற்றுத் திரிந்தது. லகரம் உயிராக மாறி முன்னுயிரோடு இணைந்தது. இலத்தீன் வடிவத்தோடு ஓர் ஒலியேனும் பொருந்தாத நிலையிலும் இது அதன் நேர்வழித் தோன்றலே என்பது ஒப்பியல் ஆய்வின் வன்மையைக் காட்டும்.

இத்தாலியத்தில் ‘காவொலோ’ என்னும் வடிவம் வழங்குகிறது. இது ‘கௌலுஸ்’ என்னும் பிற்கால இலத்தீன் வடிவத்திலிருந்து தோன்றியது. கூட்டுயிரின் இரண்டாம் பகுதி வகரமாக வலுப்பெற்றுத் தனியசையானது.

தென்னிந்திய மொழிகளைப் பொறுத்தவரை முதன்மையானது போர்த்துகீசியம். அம்மொழியில் இச்சொல் ‘கோவெ’ என வழங்கும். இங்கு மூன்று மாற்றங்கள் நிகழ்ந்துள்ளன. முதலாவது, ‘ஔ’ என்பது ‘ஓஉ’ ஆயிற்று. பொன் அம்மொழியில் ‘ஓஉரோ’. இரண்டாவது, உயிரிடை லகரம் கெட்டது. ‘தொலோர்’ (வலி) ‘தோர்’ ஆனதும், ‘கொலோர்’ (நிறம்) ‘கோர்’ ஆனதும் இந்நெறிப்படியே. மூன்றாவது, லகரம் கெட்டதனால் அடுத்தடுத்து நின்ற உயிர்களுக்கிடையே வகரம் தோன்றியது. ‘கேட்டல்’ எனப் பொருள்படும் ‘ஔதீரே’ என்பது ‘ஓவீர்’ ஆனபோதும், ‘புகழ்தல்’ எனப் பொருள்படும் ‘லௌதாரே’ என்பது ‘லோவார்’ ஆனபோதும், தகரம் கெட்ட இடத்தில் இவ்வாறே வகரம் வந்தது. தமிழில் உயிர்முன் உயிர் வருமிடத்து வகர உடம்படுமெய் தோன்றுவதை அறிந்தோர்க்கு இது வியப்பளிக்காது.

இம்மூன்றாம் மாற்றம் பின்வரும் ஆய்வுக்கு அடிப்படையாகும். ‘கோவெ’ என்பதிலுள்ள வகரம் இலத்தீனிலிருந்து வழிவந்த மெய் அன்று. போர்த்துகீசிய மண்ணில் தோன்றியது. லகரமின்றி வகரமோ அதன் திரிபான பகரமோ உடைய ஓர் ஆசிய வடிவம் போர்த்துகீசிய வழி வந்தது எனக் கொள்ள இது வலிய சான்று. லகரமுடைய வடிவம் வேறு வழியில் வந்ததாதல் வேண்டும்.

4. ரொமானிய வழக்கில் பொருளும் பயன்பாடும்

ரொமானிய மொழிகள் அனைத்தும் ‘கௌலிஸ்’ வழிச் சொல்லையே முதற்சொல்லாகப் போற்றின என்று கூறுவதற்கில்லை. ருமேனிய மொழியில் முட்டைக்கோசு ‘வர்ஸா’ எனப்படும். இது பசுமை என்னும் பொருளுடைய ‘விரிதியா’ என்னும் இலத்தீன் சொல்லின் வழி வந்தது. ஸ்பானியத்தின் ‘பெர்ஸா’, இத்தாலியத்தின் ‘வெர்ஸா’ ஆகியவையும் இவ்வழியினவே. எனவே ஸ்பானியத்தில் தண்டின் பெயரும் பசுமையின் பெயரும் அருகருகே வாழ்கின்றன.

போர்த்துகீசியத்தில் ‘கோவெ’ ஒரு பொதுப்பெயர். இலைகள் உருண்டு திரளாமல் உயர்ந்த தண்டில் விரிந்து நிற்கும் கீரைவகையே அந்நாட்டு ஊர்ப்புறத்தாருக்கு முதலில் நினைவில் வருவது. திரண்ட முட்டைக்கோசுக்கு ‘ரெப்போல்யு’ என்னும் தனிப்பெயர் அங்கு உண்டு. பூக்கோசு ‘கோவெ-ஃப்லோர்’ எனப்படும். ஆசிய மொழிகள் சிறப்புப்பெயரை விடுத்துப் பொதுப்பெயரைக் கொண்டு, அதனைத் திரண்ட வகைக்கே முதன்மையாக உரித்தாக்கின.

வழக்குப் பொருள்களிலும் வேறுபாடுகள் உள. பிரெஞ்சுக்காரர் அன்புக்குரியவரை ‘என் ஷூ’ என விளிப்பர். உள்ளீடற்று உப்பிய ஒரு பலகார வகைக்கும் அதுவே பெயர். இத்தாலியப் பேச்சு வழக்கில் ‘காவொலோ’ ஓர் இடக்கர்ச் சொல்லுக்கு மாற்றாக வரும் இடக்கரடக்கல். சினம், வியப்பு, மறுப்பு ஆகியவற்றை வெளிப்படுத்தும். ஒரே செடிப்பெயர் ஒரு மொழியில் கொஞ்சுமொழியாகவும் அண்டை மொழியில் வசைக்கு மாற்றாகவும் வழங்குவது, சொற்பிறப்பு ஒற்றுமை பயன்பாட்டு ஒற்றுமைக்கு உறுதியளிக்காது என்பதற்குச் சான்றாகும். இவ்விடங்களைத் தமிழாக்குவோர் காய்கறியின் பெயரை அறவே விடுத்து, ‘கண்ணே’, ‘செல்லமே’, ‘சே’ போன்ற தமிழ் வழக்குகளை நாடுவதே முறை.

ஜெர்மானிய மொழிகளும் இச்சொல்லை இலத்தீனிலிருந்து கடன் பெற்றன. ஜெர்மனின் ‘கோல்’, டச்சின் ‘கோல்’, ஆங்கிலத்தின் ‘கேல்’ ஆகியவை அவை. இவற்றில் லகரம் நிலைபெற்றுள்ளது. ஜெர்மனின் ‘கோல்ராபி’ என்பது ‘காவொலி ராப்பே’ என்னும் இத்தாலியத் தொடரின் தழுவல். ஆங்கிலக் ‘காலிஃபிளவர்’ என்பதும் கோசும் பூவும் இணைந்த ரொமானியத் தொடரின் தழுவலே. அதன் முற்பகுதி பிற்காலத்தில் இலத்தீன் வடிவத்திற்கேற்பத் திருத்தி எழுதப்பட்டது. ஆங்கிலத்தின் ‘கேபேஜ்’ மட்டும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததன்று. அது தலை எனப் பொருள்படும் பழைய வடபிரெஞ்சுச் சொல்லின் வழி வந்தது.

5. தென்னிந்தியாவில் போர்த்துகீசிய அடுக்கு

போர்த்துகீசியர் 1498-இல் கள்ளிக்கோட்டைக்கு வந்தனர்; 1510-இல் கோவாவைக் கைப்பற்றினர். அவர்கள் தொடர்பால் தமிழ் பெற்ற சாவி, சன்னல், மேசை, அலமாரி, பாதிரி முதலிய சொற்கள் நன்கறியப்பட்டவை. ஆசிய மொழிகளில் கலந்த இத்தகைய சொற்களைத் தொகுத்தாராய்ந்த செபஸ்தியாவோ ரொடோல்ஃபோ தல்காதோவின் நூல் 1913-இல் கோயிம்பிராவில் வெளிவந்தது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1936-இல் பரோடாவில் வெளியிடப்பட்டது.

‘கோவெ’ என்பதன் ஆசிய வடிவங்களை இரு வகையாகப் பிரிக்கலாம். ஒருமை வடிவத்தைத் தழுவியவை ஒரு வகை. சிங்களத்தின் ‘கோவா’, இலங்கைத் தமிழின் ‘கோவா’, மராத்தி, குசராத்தி மொழிகளின் ‘கோபி’, வங்கத்தின் ‘கொபி’ ஆகியவை இவ்வகையின. பன்மை வடிவமான ‘கோவெஸ்’ என்பதைத் தழுவியவை மற்றொரு வகை. மலாய் மொழியின் ‘குபிஸ்’ இதற்குச் சிறந்த சான்று. தமிழ், கன்னடம் ஆகியவற்றின் ‘கோசு’, தெலுங்கின் ‘கோசுகூர’, மலையாளத்தின் ‘முட்டக்கூசு’ ஆகியவற்றையும் இவ்வகையில் அடக்குவதே பொருத்தம்.

போர்த்துகீசிய ஈற்று எகரம் தமிழில் இகரமாதல் ‘சாவெ’ என்பது ‘சாவி’ ஆனமையால் அறியப்படும். அந்நெறிப்படி ‘கோவெஸ்’ என்பது ‘கோவிசு’ என்னும் இடைநிலை வடிவம் பெற்று, நடுவசை கெட்டுக் ‘கோசு’ ஆயிற்று எனக் கொள்ளலாம். அயன்மொழிப் பன்மையைத் தமிழ் ஒருமையாகக் கொள்வது புதிதன்று. ஆங்கிலப் பன்மையான ‘பீன்ஸ்’ இன்று ‘ஒரு பீன்ஸ்’ என வழங்குவது அத்தகையதே. சந்தையில் ஒன்றாக அன்றிக் குவியலாக விற்கப்படும் பொருளின் பெயர் பன்மை வடிவிலேயே செவியில் விழும்.

இந்தியின் ‘கோபி’ தனித்து நோக்கத்தக்கது. மராத்திய வடிவம் ஒலிப்பிலாக் ககரத்தில் தொடங்க, இந்தி வடிவம் ஒலிப்புடைக் ககரத்தில் தொடங்கி மூச்சொலிப் பகரத்தைக் கொண்டுள்ளது. தமிழ் எழுத்தில் இவ்வேறுபாடு புலப்படாது. ‘கோஜிஹ்வா’ என்னும் வடமொழிச் செடிப்பெயரோடு இதனை இணைப்பாரும் உளர். ‘பசுவின் நாக்கு’ எனப் பொருள்படும் அப்பெயர் வேறொரு காட்டுச் செடிக்குரியது. புதிதாக வந்த காயின் பெயர், முன்னரே வழங்கிய செடிப்பெயரின் சாயலை ஏற்றது எனின் ஒலி வேறுபாடும் விளக்கம் பெறும்.

6. டச்சு அடுக்கும் மக்கட் சொற்பிறப்பும்

டச்சுக்காரர் 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பழவேற்காட்டில் நிலைகொண்டனர். 1658-இல் நாகப்பட்டினத்தையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துகீசியரிடமிருந்து கைப்பற்றினர். ‘கக்கூசு’, இலங்கைத் தமிழின் ‘கந்தோர்’ ஆகியவை அவர்கள் விட்டுச்சென்ற சொற்கள்.

நூல்கோல் என்னும் பெயரும் இவ்வழியதே. டச்சு மொழியில் ‘க்னோல்’ என்பது கிழங்கு. ‘கோல்’ என்பது கோசு. இரண்டும் இணைந்த ‘க்னோல்கோல்’ என்னும் தொகை இந்திய ஆங்கிலத்திலும் இடம்பெற்றது. யூல், பர்னல் ஆகியோரின் ‘ஹாப்சன்-ஜாப்சன்’ (1886) இதனை ஆங்கிலோ-இந்திய வழக்காகப் பதிவு செய்துள்ளது. தமிழில் மொழிமுதல் மெய்ம்மயக்கம் வாராமையின் முதற்ககரம் கெட்டது.

எஞ்சிய ஒலித்தொடருக்கு ஒவ்வொரு மொழியும் தன் சொற்களால் பொருள் கற்பித்துக்கொண்டது. தமிழர் அதனை ‘நூல்’ எனவும் ‘கோல்’ எனவும் பகுத்தனர். அக்காயில் நூலும் இல்லை, கோலும் இல்லை. மராத்தியில் அது ‘நவல்கோல்’ ஆயிற்று. ‘நவல்’ அம்மொழியில் வியப்பு. கன்னடத்தில் ‘நவிலுகோசு’ ஆயிற்று, ‘நவிலு’ மயில். ஒரே டச்சு அசை ஒருவர்க்கு நூலாகவும், ஒருவர்க்கு வியப்பாகவும், ஒருவர்க்கு மயிலாகவும் கேட்டது. முழுதும் கன்னடத் தோற்றமுடைய ‘நவிலுகோசு’ என்பதன் முற்பகுதி டச்சின் சாயலையும் பிற்பகுதி போர்த்துகீசியத்தின் சாயலையும் தாங்கியது எனக் கொள்ள இடமுண்டு. ‘கெட்டெகோசு’ என்னும் மாற்றுப்பெயரில் ‘கெட்டெ’ கிழங்கைக் குறிக்கும். டச்சுத் தொகையின் பொருளையே அது மீண்டும் தருவது நோக்கத்தக்கது.

7. பெங்களூருவில் அடுக்குகளின் சேர்க்கை

பெங்களூரு கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. மிதமான தட்பவெப்பம் ஐரோப்பியக் காய்கறிகளுக்கு ஏற்றதாயிற்று. 1760-இல் ஐதர் அலி தொடங்கிய லால்பாக் தோட்டம் 1856-இல் அரசு தாவரவியல் தோட்டமாயிற்று. 1874 முதல் 1908 வரை அதன் பொறுப்பிலிருந்த ஜான் கேமரன் காலத்தில் அயல்நாட்டுச் செடிகள் பல அங்குப் பயிரிடப்பட்டன. 1809-இல் நிறுவப்பட்ட படைமுகாமின் ஐரோப்பியக் குடியிருப்பு அக்காய்கறிகளுக்கு நிலையான தேவையை உண்டாக்கியது. முகாமைச் சார்ந்து தமிழரும் பெருந்தொகையினராகக் குடியேறினர். 1927-இல் எழுந்த ரசல் சந்தையும், 1928-இல் எழுந்த கிருஷ்ணராஜேந்திரச் சந்தையும் கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது பேசுவோர் ஒரே காயைத் தத்தம் பெயரால் கேட்கும் இடங்களாயின.

புதிய காய்க்குப் பெயரிடும் இரு முறைகள் இங்குத் தெளிவாகின்றன. ஒன்று, அறிந்த காயின் பெயரோடு வந்த இடத்தின் பெயரைச் சேர்ப்பது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த சௌசௌ கன்னடத்தில் ‘சீமெ பதனெ’ எனப்படும். தமிழில் ‘பெங்களூர்க் கத்தரிக்காய்’ எனப்படும். கன்னடருக்குச் சீமையிலிருந்து வந்தது, தமிழருக்குப் பெங்களூரிலிருந்து வந்தது. மற்றொன்று, அயற்சொல்லை அடியாகக் கொண்டு தன்மொழிச் சொல்லால் வகைப்படுத்துவது. முட்டைக்கோசு, பூக்கோசு, எலெகோசு, ஹூகோசு ஆகியவை இவ்வகையின. இவற்றுள் அயலானது அடிச்சொல் மட்டுமே. வகைப்படுத்தும் அறிவு முழுதும் திராவிட மொழிகளுக்குரியது. ஒரே வகையைத் தமிழர் வடிவம் நோக்கி முட்டை என்றும், கன்னடர் உறுப்பு நோக்கி இலை என்றும் அடைகொடுத்தனர்.

அண்மைக்கால அடுக்கு இந்தி வழி வந்தது. கருநாடக அரசு 2024 மார்ச்சு மாதத்தில் கோபி மஞ்சூரியில் செயற்கை நிறமிகள் சேர்ப்பதைத் தடை செய்தபோது, அவ்வுணவு ‘கோபி’ என்னும் பெயராலேயே சுட்டப்பட்டது. சந்தையில் ‘ஹூகோசு’, வாணலியில் ‘கோபி’ என்னும் பங்கீடு நிலைபெற்றுவிட்டது. ஒருபொருட் சொற்கள் ஒரு மொழியுள் சேரும்போது அவை இவ்வாறு களம் பிரித்துக்கொண்டு வாழ்கின்றன.

8. அகராதிக்கும் மொழிபெயர்ப்புக்கும் எழும் சிக்கல்கள்

முதலாவது, வட்டார வேறுபாடு. இலங்கைத் தமிழில் ‘கோவா’ முட்டைக்கோசு. தமிழ்நாட்டில் ‘கோவா’ பாலைச் சுண்டக் காய்ச்சி எடுப்பது. இலங்கைக் கதையொன்றில் வரும் ‘கோவாக் கறி’ தமிழ்நாட்டு மொழிபெயர்ப்பாளர் கையில் பால் இனிப்பாக மாறிவிடும் இடர் உண்டு. ஒலியால் ஒன்றாயினும் பிறப்பால் வேறான இவற்றை அகராதிகள் தனித்தனிப் பதிவுகளாகத் தருதல் வேண்டும்.

இரண்டாவது, அடையின்றி வரும் பொதுப்பெயர். வேளாண் துண்டறிக்கையில் ‘கோசு’ என்று மட்டும் எழுதினால், இலையை உண்ணும் பயிரா பூவை உண்ணும் பயிரா என்பது தெளிவுறாது. பூச்சிமருந்தின் அளவையும், மருந்தடித்தபின் அறுவடைக்குக் காத்திருக்க வேண்டிய நாள்களையும் பயிர்தோறும் தனித்தனியே வரையறுப்பது வழக்கம். எனவே கன்னடத்திலிருந்தோ ஆங்கிலத்திலிருந்தோ அத்தகைய அறிக்கையைத் தமிழாக்குவோர் அடைமொழியை விடுதல் ஆகாது. இங்குச் சொல்லின் தெளிவு உழவரின் நலத்தோடும் உண்போரின் நலத்தோடும் தொடர்புடையது.

மூன்றாவது, கலைச்சொல் மயக்கம். தாவரவியலில் ‘காலிஃப்ளோரி’ என்னும் கலைச்சொல் பூவும் காயும் அடிமரத்திலேயே தோன்றும் இயல்பைக் குறிக்கும். பலா இதற்கு எடுத்துக்காட்டு. இங்குக் ‘கௌலிஸ்’ தன் முதற்பொருளான தண்டையே உணர்த்துகிறது. பூக்கோசுக்கும் இதற்கும் தொடர்பில்லை. ‘தண்டுப்பூப்பு’ என்பது போன்ற பொருள்வழி ஆக்கமே இதற்கு ஏற்றது.

நான்காவது, தூய்மை பற்றிய வினா. கோசு அயற்சொல் என்பதால் விலக்கத்தக்கது எனின், அதன் இடத்தில் ‘கேபேஜ்’ வந்து அமர்வதையே நடைமுறையில் காண்கிறோம். கோசு பூ, முட்டை, இலை ஆகிய சொற்களோடு இயல்பாகப் புணர்கிறது. வேற்றுமையுருபுகளைத் தடையின்றி ஏற்கிறது. ‘கேபேஜ்’, ‘காலிஃபிளவர்’ என்னும் இரண்டு தனிப்பெயர்கள் வழங்குமிடத்து இரு காய்களின் உறவு மறைகிறது. ‘முட்டைக்கோசு’, ‘பூக்கோசு’ என்னுமிடத்து அவ்வுறவு விளங்குகிறது.

9. முடிவுரை

‘கௌலிஸ்’ வழிவந்த வடிவங்களின் வரலாற்றை ஓர் எழுத்தின் இருப்பும் இன்மையும் பகுத்துக் காட்டுகின்றன. வகரமோ அதன் திரிபோ உள்ளவை போர்த்துகீசிய வழியின; லகரம் நிலைத்தவை டச்சு, ஆங்கில வழியின. இரண்டும் இல்லாத ‘கோசு’, பன்மை ஈற்றின் சகரத்தால் தன் வழியை உணர்த்துகிறது. அயற்சொல்லுக்கு மூலமொழியின் பெயரை மட்டும் தரும் அகராதிப் பதிவு இவ்வரலாற்றைப் புலப்படுத்தாது. வந்த வழி, இடைநிலை வடிவம், வட்டார வழக்கு, பயன்பாட்டுக் களம் ஆகிய நான்கையும் தரும் பதிவே மொழியியலாருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் ஒருங்கே பயன்படும். தென்னிந்திய மொழிகளின் காய்கறிப் பெயர்களை இம்முறையில் ஒப்பிட்டுத் தொகுக்கும் பணிக்குப் பெங்களூரு போன்ற பன்மொழி நகரங்களின் சந்தை வழக்கு முதன்மைச் சான்றாக அமையும்.